அரசியல் சட்டத்தில் நான் கை வைத்தால்...

ஜனவரி பிறந்தாலே எங்கள் வீட்டில் இரண்டு வேலை சேர்ந்து வரும். ஒன்று பொங்கலுக்கு ஒட்டடை அடித்து வெள்ளையடிப்பது. இன்னொன்று குடியரசு தினத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் வைக்கும் கட்டுரைப் போட்டி. முதலாவது என் தலையில். இரண்டாவது பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தலையில் என்று பெயர். ஆனால் அதுவும் பாதி என் தலையில்தான் விடியும். பிள்ளைகளைப் பெற்ற சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த முறை கொடுத்த தலைப்பு, "இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்ய எனக்கு அனுமதி கிடைத்தால்..." என்பது. நோட்டும் பேனாவுமாக மகள் வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பேப்பரில் முகம் புதைத்திருந்த என் வீட்டுக்காரர், "ஓட்டுப் போடாதவனுக்கு அபராதம்னு எழுது" என்றார். மாமியார் யோசிக்கவே இல்லை. "தினம் காலையில ஆறு மணிக்குக் குழாயில தண்ணி வரணும்னு சட்டத்துல போடச் சொல்லு. மத்ததெல்லாம் தானா சரியாயிடும்" என்றார்.

அடுக்களையிலிருந்து நான் குரல் கொடுத்தேன். "ஏன்டி, என்னைக் கேக்கலியே?"

"உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நீ குழம்பைப் பாரு."

குழந்தை வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. பத்தாவதோடு என் படிப்பு நின்றுபோனது உண்மைதான். ஆனால் அந்தப் பத்தாவதில் சமூக அறிவியலில் நான் 78 மார்க் வாங்கியவள். அது இந்த வீட்டில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது!

மறுநாளே எங்கள் தெருக்கோடி நூலகத்துக்குப் போய் அரசியலமைப்புச் சட்டம் தமிழில் இருக்கிறதா என்று கேட்டேன். நூலகர் கண்ணாடியை இறக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். "சமையல் புத்தகம் அந்த ரேக்கும்மா" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். தேடி எடுத்துக் கொடுத்தார். அம்மாடி! அம்மிக்கல் கனம். கூடவே அந்தச் சட்டத்தின் வரலாறு என்று இன்னும் இரண்டு புத்தகங்கள். மத்தியானம் எல்லோரும் போன பிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில், மூன்று வாரமாகப் படித்தேன். எல்லாம் புரிந்தது என்று சொன்னால் பொய். புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு சந்தோஷமான விஷயம். இந்தச் சட்டத்தை எழுதிய சபையில் பதினைந்து பெண்கள் உறுப்பினர்களாக இருந்திருக்கிறார்கள். நம் சென்னை மாகாணத்திலிருந்தே அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் என்று போயிருக்கிறார்கள். இதில் அம்மு சுவாமிநாதன் பள்ளிக்கூடத்துக்கே போகாதவராம். வீட்டில் வைத்துக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்ததுதான் படிப்பு. (நேதாஜியின் படையில் இருந்த கேப்டன் லட்சுமியின் அம்மா என்றால் பலருக்குத் தெரியும்.) 1949 நவம்பரில் சட்டம் முடிந்து எல்லோரும் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த அம்மா எழுந்து, ரொம்ப நீளமாக எழுதிவிட்டார்கள், கைப்பையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொண்டு போகிற மாதிரி சின்னப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன் என்கிற பொருளில் பேசியிருக்கிறார். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்போதே 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். பிறகு 2023 வரைக்கும் 106 திருத்தங்கள். இப்போது கைப்பை என்ன, காய்கறிப் பையில் வைத்தாலே தோள் வலிக்கும்.

திருத்துவது எப்படி என்பதும் அதிலேயே இருக்கிறது. 368-வது பிரிவு. பாராளுமன்றத்தின் இரண்டு சபைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும். அத்தோடு அன்றைக்கு வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் சம்மதிக்க வேண்டும். சில விஷயங்களுக்குப் பாதி மாநிலங்களின் சட்டசபைகளும் தலையாட்ட வேண்டும். அதற்கும் மேலே, வீட்டின் சுவரை மாற்றலாம், அஸ்திவாரத்தில் கை வைக்கக்கூடாது என்கிற மாதிரி 1973-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நான் சொல்லப்போவது அஸ்திவாரத்துக்கு ஆபத்து இல்லாதது. தைரியமாக மேலே படியுங்கள்.

சட்டத்தில் மூன்றாம் பாகம் என்று ஒன்று, நான்காம் பாகம் என்று ஒன்று. மூன்றாவதில் அடிப்படை உரிமைகள். சமத்துவம், பேச்சுரிமை, உயிர் வாழும் உரிமை இதெல்லாம். இவற்றை யாராவது பறித்தால் நீங்களும் நானும் நேரே ஹைகோர்ட்டுக்கோ சுப்ரீம் கோர்ட்டுக்கோ போகலாம். நான்காவதில் இருப்பவை அரசு எப்படி நடக்க வேண்டும் என்ற நெறிமுறைகள். இந்த நான்காம் பாகத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முழுக்க முழுக்க நம் வீட்டு விஷயம்! ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி, 39-வது பிரிவு. வேலையிடத்தில் மனிதத் தன்மையான நிலைமை, பேறுகால உதவி, 42-வது பிரிவு. ஆறு வயது வரை குழந்தைகளின் பராமரிப்பும் படிப்பும், 45. மக்களின் ஊட்டச்சத்து, பொது சுகாதாரம், 47. மதுவிலக்கு கொண்டுவர முயல வேண்டும் என்பதும் அதே 47-இல்தான் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகை போதாது.

சந்தோஷமாகப் பக்கத்தைத் திருப்பினால் 37-வது பிரிவு கண்ணில் பட்டது. நான்காம் பாகத்தில் சொன்னதையெல்லாம் எந்த நீதிமன்றத்திலும் கேட்டு வாங்க முடியாது! நாட்டை ஆள்வதற்கு இவை அடிப்படையானவை, சட்டம் செய்யும்போது இவற்றைக் கடைப்பிடிப்பது அரசின் கடமை, ஆனால் கோர்ட் மூலம் வலியுறுத்த முடியாது. எனக்குப் பொறி தட்டியது போலிருந்தது. பேச்சுரிமைக்குச் சாவி உண்டு. குழந்தையின் கஞ்சிக்குச் சாவி கிடையாது.

இது எனக்கு மட்டும் தோன்றியதில்லை. அந்தச் சபையிலேயே கே.டி. ஷா என்ற உறுப்பினர், வங்கிக்கு எப்போது சௌகரியமோ அப்போது பணம் தருகிற காசோலை மாதிரி இருக்கிறது இது என்று குறை சொல்லியிருக்கிறார். டாக்டர் அம்பேத்கர் அதற்கு விளக்கமாகவே பேசியிருக்கிறார். பதவிக்கு வருகிறவர்கள் இந்த நெறிமுறைகளை மீறினால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிராது, ஆனால் தேர்தல் வரும்போது ஓட்டர்களிடம் கட்டாயம் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம். அப்போது புதிதாகப் பிறந்த நாடு. கையில் காசில்லை. எல்லாவற்றையும் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் தாங்குமா?

படித்துவிட்டு, சரிதான் என்று புத்தகத்தை மூடியிருப்பேன். ஆனால் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று மூட விடவில்லை. அதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துக் கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்தாறு வயது. பெயர் போட வேண்டாம் அக்கா என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் தெருவில் நான்கு வீட்டில் வேலை. வீட்டுக்கு 2,500 ரூபாய். போன வருஷம் அவளுக்கு இரண்டாவது பிரசவம். எட்டாம் மாதம் முடியும்வரை குனிந்து நிமிர்ந்து வேலை செய்தாள். பெண் குழந்தை. 2 கிலோ 600 கிராம். நான் பார்க்கப் போனேன், பழமும் ஹார்லிக்ஸும் குழந்தைக்கு ஒரு கவுனும் வாங்கிக்கொண்டு. வராத நாட்களுக்குப் பாதி மாதச் சம்பளம், 1,250 ரூபாய் கையில் கொடுத்தேன். தெருவில் வேறு யாரும் அதுகூடக் கொடுக்கவில்லை. நமக்குத்தான் எத்தனை தாராள மனசு என்று எனக்குள்ளேயே ஒரு பெருமை.

இருபத்து நாலாம் நாள் காலையில் வாசலில் நின்றாள். இடுப்பில் துணிச் சுருணை மாதிரி குழந்தை. "என்னம்மா, அதுக்குள்ள வந்துட்டே?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, திரும்பிப் போ என்று சொல்லவில்லை. தொட்டியில் இரண்டு நாள் பாத்திரம் கிடந்தது. மனசு கூசினாலும் கை வழிவிட்டது. பின்கட்டு வராந்தாவில் பழைய புடவையில் தூளி கட்டிக் கொடுத்தேன்.

நான்கு வீட்டிலும் தூளி கட்ட முடியுமா? மற்ற இரண்டு வீட்டுக்குப் போகும்போது குழந்தையைத் தன் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கடுக்கும். முந்தானையை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டு துடைப்பாள். நாளாக ஆகப் பால் குறைந்துவிட்டது. "பத்த மாட்டேங்குதுக்கா, அழுதுக்கிட்டே இருக்கு" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய்ப் பால் பவுடர் டின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்! அது தீர்ந்ததும் இன்னொன்று. மூன்றாவது டின் அவள் காசில் வாங்கினாள். அந்த விலைக்கு அவள் எங்கே போவாள்? இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி போட்டுத் தண்ணீரைக் கூட்டியிருக்கிறாள்.

நாலாவது மாதம் அங்கன்வாடியில் எடை போடும் நாள். அவளுக்குக் காய்ச்சல் என்று குழந்தையை நான்தான் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். தராசில் 4 கிலோ 600. அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். நர்ஸம்மா மஞ்சளில், ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான்னு எத்தனை தடவை சொல்றது? தண்ணிகூடக் கூடாது. யாரு இந்தப் பவுடரைக் குடுக்கச் சொன்னது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "வேலைக்குப் போறேங்க சிஸ்டர்" என்றாள்.

"எவ்வளவு நாள்ல போனே?"

"இருபத்தி நாலு நாள்ல."

"யாரு வீட்ல?"

அவள் பதில் சொல்லவில்லை. கையில் குழந்தையோடு நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

என் நாத்தனாருக்கு அதே வருஷம்தான் குழந்தை பிறந்தது. அவள் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு லீவு. 1961-ஆம் வருஷத்துப் பேறுகாலச் சட்டத்தை 2017-இல் திருத்தி, பன்னிரண்டு வாரமாக இருந்ததை முதல் இரண்டு குழந்தைகளுக்கு இருபத்தாறு வாரமாக்கினார்கள். நல்ல சட்டம். ஆனால் அந்த 1961 சட்டம் தொழிற்சாலைக்கு, தோட்டத்துக்கு, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற கடை, நிறுவனங்களுக்கு என்று வந்தது. என் அடுக்களை நிறுவனம் ஆகுமா? வயல் நடவுக்குப் போகிறவள், சித்தாள், பூக்கட்டி விற்கிறவள், வீட்டு வேலைக்காரி, இவர்களுக்கெல்லாம் அந்த இருபத்தாறு வாரம் இல்லை. நாத்தனார் குழந்தையும் இந்தக் குழந்தையும் ஒரே மாதம் பிறந்தவை. அது புஸுபுஸுவென்று தவழ்ந்தபோது இது தலை நிற்கத் தடுமாறியது.

உதவித்தொகை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நம் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இலிருந்து இருக்கிறது. தொகையும் கூடிக்கொண்டே வந்து 18,000 வரை உயர்ந்தது. அவளுக்கும் தவணை தவணையாக வந்தது. வந்தது மளிகைக் கடைக் கடனுக்குப் போனது. மத்தியில் 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. 2017-இல் வந்த திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 என்றது, மீதிக்கு இன்னொரு திட்டத்தைக் கை காட்டியது. வீட்டில் மளிகைச் சாமானுக்கு ஆறாயிரம் கேட்டால் ஐந்தைக் கொடுத்துவிட்டு, மீதியை உன் அண்ணன்கிட்ட வாங்கிக்கோ என்று சொல்கிற கணவரைப் போலத்தான்!

சரி, சட்டத்துக்கு வருவோம்.

நான்காம் பாகத்தில் இருந்த ஒன்று மூன்றாம் பாகத்துக்கு இடம் மாறியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கு இப்போதுதான் தெரிந்தது. 1950-இல் 45-வது பிரிவு வேறு மாதிரி இருந்தது. பதினாலு வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, அதுவும் பத்து வருஷத்துக்குள் கொடுக்க முயல வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள். அந்தப் பாகத்திலேயே கெடு வைத்த பிரிவு அது ஒன்றுதான். 1960 வந்தது, போனது. 1970, 1980, எல்லாம் போனது. 1993-இல் சுப்ரீம் கோர்ட், பதினாலு வயது வரை கல்வி அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்புச் சொன்னது. 2002-இல் 86-வது திருத்தம் வந்து 21-ஏ என்ற புதுப்பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பத்து வருஷக் கெடு அறுபது வருஷமாயிற்று. ஆனாலும் வந்துவிட்டது. இன்றைக்கு ஆறு வயதுக் குழந்தையைச் சேர்க்க மாட்டேன் என்று ஒரு பள்ளிக்கூடம் சொன்னால் எந்தத் தாயும் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம்.

ஆனால் அந்த 21-ஏயில் என்ன எழுதினார்கள்? ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரை. ஆறுக்குக் கீழே உள்ளதுகளை என்ன செய்தார்கள்? பழைய 45-வது பிரிவிலேயே விட்டுவிட்டார்கள். ஆறு வயது முடியும்வரை குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் வழி செய்ய அரசு முயல வேண்டும், அவ்வளவுதான். "முயல வேண்டும்"! வேலைக்காரப் பெண்ணிடம் மாதக் கடைசியில், "சம்பளம் கொடுக்க முயல்கிறேன்" என்று நான் சொன்னால் எப்படி இருக்கும்?

இன்னொன்றும் பாருங்கள். அதே திருத்தத்தில் பெற்றோருக்கு ஒரு கடமை சேர்த்தார்கள். 51-ஏ பிரிவில். பிள்ளைக்கு ஆறிலிருந்து பதினாலு வரை படிக்க வாய்ப்பளிப்பது பெற்றோரின் கடமை. அங்கேயும் ஆறுதான் ஆரம்பம். அப்படியானால் ஆறு வயதுக்கு முன்னால் அது குழந்தை இல்லையா? மண்ணிலிருந்து நேரே ஆறு வயதாக முளைத்து வருகிறதா?

சகோதரிகளே, நம் பத்திரிகையிலேயே டாக்டர்கள் எத்தனை தரம் எழுதியிருக்கிறார்கள்! கரு தரித்ததிலிருந்து இரண்டு வயது வரை உள்ள ஆயிரம் நாள்தான் முக்கியம், அப்போது விட்டால் உயரமும் மூளையும் பிறகு பிடிக்காது என்று. ஐந்து வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவுக்கு ஏறத்தாழ தொண்ணூறு சதவீதம் வளர்ந்துவிடுகிறதாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை. பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அந்தப் பெண்கள்தானே அந்தக் குழந்தைகளைப் பெறுகிறார்கள்? ஆறு வயதில் பள்ளிக்கூடக் கதவைத் திறந்து, வா, இனிமேல் உனக்கு உரிமை என்று கூப்பிட்டால், அடுப்பில் கருகின பிறகு உப்புப் பார்ப்பது மாதிரி இல்லையா?

ஆகவே எனக்கு அனுமதி கிடைத்தால் நான் செய்யும் மாற்றம் இதுதான். 21-ஏக்குக் கீழே 21-பி என்று ஒன்று. வக்கீல் பாஷை எனக்கு வராது, என் பாஷையிலேயே சொல்கிறேன். வயிற்றில் இருக்கும்போதிலிருந்து ஆறு வயது முடியும்வரை ஒவ்வொரு குழந்தைக்கும் சத்துள்ள உணவும் வைத்தியமும் பராமரிப்பும் உரிமை. எந்த வேலை பார்க்கிற தாயானாலும், யார் வீட்டில் பார்த்தாலும், பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் பிழைப்புக்கு வழியோடு குழந்தையின் பக்கத்தில் இருப்பது அவள் உரிமை. "முயல வேண்டும்" என்ற சொல் அதில் எங்கேயும் வரக்கூடாது.

இதை ராத்திரி சாப்பாட்டில் எடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் நல்ல கேள்வி, அதனால் எழுதுகிறேன்.

"ஏன், கோர்ட் சொல்லியா காமராஜர் 1956-ல மதிய உணவு போட்டாரு? 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்ததும் கோர்ட் சொல்லியா? மனசு இருந்தா போதும். சட்டம் எதுக்கு?"

வாஸ்தவம். நம் ஊரில் மனசு இருந்தது. மனசு இல்லாத ஊரில் பிறந்த குழந்தை என்ன செய்யும்? எல்லா மாநிலத்து அரசுப் பள்ளிகளிலும் சமைத்த உணவு போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2001 நவம்பரில் உத்தரவு போட்ட பிறகுதான் பல இடங்களில் அடுப்பே பற்றவைத்தார்கள். 1956-க்கும் 2001-க்கும் நடுவில் எத்தனை குழந்தைகள் பெரியவர்களாகிவிட்டார்கள்! அதுவும் உயிர் வாழும் உரிமையான 21-வது பிரிவை இழுத்துப் பிடித்துத்தான் அந்த வழக்கையே நடத்த வேண்டியிருந்தது.

"பணம் எங்கேருந்து வரும்? உரிமைன்னு எழுதிட்டா பால் பொங்கிடுமா?"

பொங்காதுதான். தென்னாப்பிரிக்காவில் 1996-இல் எழுதிய அரசியல் சட்டத்தில், 28-வது பிரிவில், ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை ஊட்டச்சத்தும் வைத்தியமும் உரிமை என்றே போட்டிருக்கிறார்கள். அதனால் அங்கே எல்லாக் குழந்தையும் கொழுகொழுவென்று ஆகிவிடவில்லை. அங்கேயும் வறுமை இருக்கிறது. ஆனால் கேட்கிறவனுக்குக் கையில் ஒரு பிடிப்பு இருக்கிறது. கல்விக்கும் இதே கேள்வியைத்தான் அறுபது வருஷம் கேட்டார்கள். பிறகு பணம் கிடைத்ததல்லவா? பட்ஜெட் போடுவது எனக்கும் தெரியும். இருபது வருஷமாகப் போடுகிறேன். கையில் உள்ள பணத்தில் முதலில் எதை எடுத்து வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஸ்கூல் பீஸை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தானே சினிமாவுக்குப் போகிறோம்?

அம்பேத்கர் சொன்ன பதிலுக்கும் மூன்று வாரமாக யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். ஓட்டர்களிடம் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் அது சரி, இதற்கு மட்டும் சரிவராது. தூளியில் கிடப்பதற்கு ஓட்டு ஏது? ஓட்டு வருகிற பதினெட்டு வயதில் அதற்கு இந்தக் கணக்கெல்லாம் ஞாபகமும் இருக்காது. மகள் இதைக் கேட்டுச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, இது நல்லா இருக்கு. நான் எடுத்துக்கவா?" என்றாள். அவள் முகத்தில் அந்தப் "குழம்பைப் பாரு" இல்லை.

நேரம் இருந்தால் வேறு சிலதையும் திருத்துவேன். ஆங்கில மூலத்தில் ஜனாதிபதியிலிருந்து எல்லோருமே ஆண்பாலில் வருகிறார்களாம். தமிழில் 'அவர்' என்று ஒரு சொல் போட்டுவிட்டால் சண்டையே இல்லை. மக்களவையிலும் சட்டசபையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023-இல் எழுதியதோடு, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, தொகுதிகளைப் பிரித்த பிறகு என்றும் கூடவே எழுதி வைத்தார்களே, அந்த வால் இல்லாமல் எழுதியிருப்பேன். பஞ்சாயத்தில் நம் தமிழ்நாடு பாதி இடமே கொடுத்திருக்கிறது, ஊர் ஒன்றும் முழுகிப் போகவில்லை. அப்புறம் என் மாமியாரின் குழாய்த் தண்ணீர். கிண்டல் இல்லை. அதுவும் 47-க்குள் வருகிற பொது சுகாதாரம்தான்.

குழந்தை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்றைக்கு அங்கன்வாடியிலிருந்து வந்ததும் அவளை இரண்டு மாதம் வர வேண்டாம் என்றேன். சம்பளம் உண்டு என்றேன். மற்ற மூன்று வீட்டில் ஒருவர் சம்மதித்தார். இருவர், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பாதி வருமானத்தில் வீட்டில் இருந்தாள். நர்ஸம்மா சொன்னபடி பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பகலிலும் ராத்திரியிலும் விடாமல் பால் கொடுக்கக் கொடுக்க, திரும்பவும் சுரக்க ஆரம்பித்தது. வற்றிய பாலும் வாய் வைக்க வைக்க ஊறும் என்பதை நான் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். இளம் தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டென்று டின்னைத் திறந்துவிடாதீர்கள், முதலில் டாக்டரையோ நர்ஸையோ கேளுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் குழைய வடித்த சாதம், பருப்பு, ஒரு சொட்டு நெய், பிறகு மசித்த முட்டை. தாய்ப்பாலும் கூடவே. பதினோராம் மாதம் எடை 7 கிலோ 300. புள்ளி பச்சைக்கு வந்துவிட்டது. ஆனாலும் நாத்தனார் குழந்தையோடு நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் பார்க்கிறது.

மகளின் கட்டுரைக்கு ஆறுதல் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு கட்டாய ஓட்டுக்கு. என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்! ஆனால் அவளுடைய ஆசிரியை ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "அதுவரை அந்தத் தாய்க்கு யார் கொடுப்பது?"

எங்கள் தெருக்கோடியில் துணி தேய்க்கிறவரின் மனைவி இன்னும் ஐந்து வீட்டில் வேலை செய்கிறாள். அவளுக்குச் சித்திரையில் பிரசவம். அந்த ஐந்து வீட்டுக்கும் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆறு மாதம் என்றால் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கே முடியாது என்றுதான் தோன்றுகிறது. மூன்று மாதம் முழுச் சம்பளம், பாத்திரம் நாமே தேய்த்துக்கொள்வது என்று மூன்று வீடு சம்மதித்திருக்கிறது. ஒரு வீட்டில், கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். இன்னொரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி போகலாம் என்றிருக்கிறேன்.